நீர்மாலைக்கு வந்து நிற்பவர்

எங்கள் திண்டுக்கல் பக்கத்தில் புது உடன்பிறப்பு பெரும்பாலும் சாவு வீட்டில்தான் தெரியவருவார். இறந்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவர நீர்மாலை எடுக்கப் போகையில் அறியாத முகம் ஒன்று ஒதுங்கி நிற்கும். பெரியவர் ஒருவர், “அவனும் வரட்டும்ப்பா” என்பார். அங்கே தப்பினால், தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போடும்போது வெளிவரும். அண்ணன் தம்பி வழியைப் ‘பங்காளி’ என்று அழைக்கும் மொழி நம்முடையது. உறவோடு பங்கும் கூடவே வருகிறது. புது உடன்பிறப்பு வந்து நிற்கும் கதையை நான் எடைபோடுவது இந்தப் ‘பங்காளி’ என்ற சொல்லை வைத்துத்தான்.

மூத்த மரபு பாரதம். வில்லிபுத்தூரார் குந்தியைப் போர்க்களத்துக்கே ஓடிவந்து கர்ணனை மடியில் ஏந்த வைக்கிறார். வியாசரிலோ, போர் முடிந்து நீர்க்கடன் செய்யும்போதுதான் அவன் தன் மூத்த மகன் என்கிறாள். அண்ணன் கிடைப்பதும் இழப்பதும் ஒரே கணம். வென்ற ராஜ்யம் தருமனுக்குக் கசந்துபோகிறது. முறைப்படி அது மூத்தவன் பங்கல்லவா? வத்தலக்குண்டு பி.எஸ். ராமையா அதே கர்ணனை நாடகமாக்கியபோது ‘தேரோட்டி மகன்’ என்று பெயரிட்டார். பெற்றவள் இருக்க, வளர்த்தவனைத் தலைப்பில் ஏற்றிய அந்தத் துணிவு எனக்குப் பெரிது. 1991இல் வந்த ‘தளபதி’ படம் பாசத்தைக் கொடுத்தது, பங்கைத் தொடவில்லை.

அதே வத்தலக்குண்டில் பிறந்த ராஜம் ஐயர், ‘கமலாம்பாள் சரித்திர’த்தை 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் எழுதினார். காணாமற்போன பிள்ளை நடராஜன் திரும்பக் கிடைக்கிறான். ஆனால் அவர் மனம் தங்கியது அந்தச் சந்திப்பில் அன்று. ஒரு வீண் அபவாதம் வீட்டை எப்படி அரிக்கிறது என்பதில்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நந்தினி தொடர்கதை மரபு. பிறப்பு ரகசியத்தை வாரக்கணக்கில் கட்டிக் காத்தாலும், சேந்தன் அமுதன் யாரென்று தெரிந்ததும் சிம்மாசனமே பங்குக்கு வருகிறது. பின்வந்த பலர் ரகசியத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பாவின் ‘ஜீவனாம்ச’த்தில் புது உடன்பிறப்பு யாரும் இல்லை. இருந்தும் பங்கைச் சொல்லும் விதத்துக்கு அதுதான் என் அளவுகோல். வழக்கு, பணம், அண்ணன் வீடு, புகுந்த வீடு எல்லாம் ஒரு விதவையின் மனதுக்குள்ளேயே நடக்கின்றன. குரல் உயர்வதே இல்லை.

செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு, கூட்டுக் குடும்பச் சொத்தில் தகப்பனுக்கு வரும் பங்கிலும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. சட்டம் அத்தோடு தன் வேலையை முடித்துக்கொண்டது. நாவலாசிரியருக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது. மூன்று பங்காளிகள் முறைவைத்து மோட்டார் போடும் கிணறு. கோடையில் ஒருவர் முறைக்கே தண்ணீர் பற்றாது. நீர்மாலைக்கு வந்து நின்றவனுக்கு எந்த நாளை விடுவது? யார் முதலில் அவனைத் “தம்பி” என்பார்?