சிறிய திருமடலில் ஊரார் பழி

காமம் எத்துணை மிகினும் பெண்டிர் மடலேறுதல் இல்லை என்பது தமிழ் அகப்பொருள் மரபு. தொல்காப்பியம் இதனை விதியாக்கிற்று. திருக்குறள் (1137) பெண்மையின் பெருமையாக்கிற்று. பெரிய திருமடலில் திருமங்கையாழ்வார் இம்மரபைக் கேட்டதுண்டென்றும், தாம் கொள்வது வடநெறியே என்றும் வெளிப்படையாக மறுக்கிறார். சிறிய திருமடலிலோ மறுப்பதை விட்டு, நகைச்சுவை ததும்ப வினவுகிறார். அவ்வினாக்களே அப்பிரபந்தத்தின் கூர்மை.

முதல் வினா மோக்ஷத்தைப் பற்றியது. கதிரவன் மண்டலத்தைப் பிளந்து சென்று பெறும் பேறு ஒன்று உண்டென்பாரை நோக்கி, கையகத்து முயலை விட்டுக் காக்கையைத் துரத்துவாருண்டோ என்கிறாள் நாயகி. இது பரமபத நிந்தையன்று. கண்ணெதிரே குடக்கூத்தாடினவனிடம் நெஞ்சைப் பறிகொடுத்தவளுக்கு, 'பின்னொரு நாள்' என்னும் ஆறுதல் பொருந்தாமையைக் காட்டுவது.

இரண்டாம் வினா ஊராரைப் பற்றியது. அரசகுமாரியாகிய வாஸவதத்தை, சுற்றத்தைத் துறந்து, காலில் தளை பூண்டவன் பின்னே பெருந்தெருவில் நடந்தாள். அவளை உலகம் இகழ்ந்ததோ? உலகியல்பு முழுதும் இவ்வொரு கேள்வியில் அடங்கும். உதயணன் கதையை ஊர் சுவைத்துக் கேட்கும். அண்டை வீட்டுப் பெண் அதனையே செய்யின் பழி தூற்றும். கதையில் காதலாவது தெருவில் குற்றமாகிறது. மேலும், வளையும் நிறமும் இழந்தவளை அலர் சூழ்கிறது. அவற்றைக் கவர்ந்தவனையோ ஊர் திருவிழாவெடுத்துக் கொண்டாடுகிறது. இம்முறைகேட்டையே மடல் தலைகீழாக்குகிறது: பழி இனி அவன்மேலாகுக என்பதே அவள் சூளுரை.

ஈண்டு ஓர் ஆக்ஷேபம் எழும். எம்பெருமானையே உபாயமாகப் பற்றினவர்க்கு ஸ்வப்ரவ்ருத்தி ஸ்வரூபத்தோடு சேருமோ எனின், பூர்வாசார்யர்களின் ஸமாதானம் தெளிவு: மடல் உபாயமாகச் செய்யப்படுவதன்று, ப்ராப்யத்தில் த்வரை மிக்கு விளைவது. ஆழ்வார்கள் ஜ்ஞாநத்தால் தாமாகவும், ப்ரேமத்தால் பெண்ணாகவும் பேசுவர் என்று ஆசார்ய ஹ்ருதயம் வகுத்ததும் இதனோடு ஒக்கும். இந்த ஸமாதானம் மெய்யே. ஆயினும் இதனைச் சொல்லி, ஊராரை நோக்கிய வினாவை மழுக்கிவிடலாகாது. ஸ்வாபதேசம் அந்யாபதேசத்தின்மேல் நிற்பதன்றி, அதனை அழித்து நிற்பதன்று.

அவனைத் தேடித் திரிவதாக நாயகி எண்ணும் திருப்பதிகளுள் பல்லாவரத்தை அடுத்த திருநீர்மலையும் ஒன்று. அங்கு அவன் நிற்றல், வீற்றிருத்தல், சயனித்தல், நடத்தல் என நான்கு நிலைகளிலும் காட்சி தருகிறான், ஒளிய இடமில்லை. பழி தூற்றப் புறப்பட்டவளின் பட்டியல் திவ்யதேச மங்களாசாஸனமாகவே முடிகிறது. ஸந்நிதியில் இதனை உருகி அநுஸந்தித்து, மலையடிவாரத் தெருவில் ஒரு பெண்ணைக் குறித்துக் கிசுகிசுப்பார், வாஸவதத்தையைப் பற்றிய வினா தம்மை நோக்கியதே என்று அறியக்கடவர்.