இட்லிக் கடைக்கு முன்னால் ஓர் அண்ணன்: ‘பராசக்தி’யை மறுபடி பார்ப்போம்



பள்ளியில் பேச்சுப் போட்டி, மாறுவேடப் போட்டி என்று வந்துவிட்டால் போதும், யாராவது ஒரு மாணவர் ‘பராசக்தி’யின் நீதிமன்ற வசனத்தைத் தூக்கிக்கொண்டு மேடையேறிவிடுவார். கை நீளும், குரல் உயரும், கைதட்டலும் கிடைக்கும். இறங்கி வந்த பிறகு, “குணசேகரன் எதற்காக மதுரைக்கு வந்தான்?” என்று கேட்டுப் பாருங்கள். பலருக்குப் பதில் தெரியாது. வழக்காடுவதற்காக அவன் வரவில்லை; தன் தங்கையைத் தேடித்தான் வந்தான்.

நாம் இந்தப் படைப்பைத் தப்பான பக்கத்திலிருந்து படிக்கிறோம் என்பது என் எண்ணம். இதன் உயிர் நீதிமன்றத்தில் இல்லை, தெருவோர இட்லிக் கடையில் இருக்கிறது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று பார்ப்போம்.

முதலில் கதை. பாவலர் பாலசுந்தரம் எழுதிய நாடகம்தான் பிறகு மு. கருணாநிதியின் திரைக்கதை வசனத்தில், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில், 1952 தீபாவளிக்குப் படமாக வந்தது. சந்திரசேகரன், ஞானசேகரன், குணசேகரன் என்று மூன்று அண்ணன்மார் இரங்கூனில் இருக்கிறார்கள். தங்கை கல்யாணி தகப்பனாரோடு மதுரையில் இருக்கிறாள். அவளுடைய கல்யாணத்துக்கு மூவரும் புறப்பட நினைக்கிறார்கள். போர்க்காலம், கப்பலில் ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கிறது. இளையவன் குணசேகரன் கிளம்புகிறான். அவன் வந்து சேர்வதற்குள் கல்யாணம் முடிந்து, கணவனும் இறந்து, தகப்பனாரும் போய்விடுகிறார். வீட்டை இழந்த கல்யாணி, கைக்குழந்தையோடு இட்லி சுட்டு விற்றுப் பிழைக்கிறாள். குணசேகரனோ சென்னையில் ஏமாந்து, கையில் இருந்த எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டு மதுரைக்கு வருகிறான்.

இப்போது கவனியுங்கள். தேடிப் போகும் கதைகளில் கண்டுபிடிப்பது வழக்கமாகக் கடைசியில்தான் வரும். இங்கே அண்ணன் தங்கையைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறான். ஆனால் ‘நான்தான் உன் அண்ணன்’ என்று சொல்லவில்லை. பைத்தியக்காரனாக நடித்துக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றி வருகிறான். தேடியது கிடைத்தும் தேடல் முடியவில்லை. கதைப்பின்னலில் இதைவிட வலுவான சிக்கல் இந்தப் படைப்பில் வேறு இல்லை என்பேன்.

ஏன் சொல்லவில்லை? மாணவர்கள் உடனே “பாசத்தினால்” என்று எழுதிவிடுகிறார்கள். பாசம் இருந்தால் சொல்ல வேண்டியதுதானே? அவனைத் தடுப்பது வெட்கம். அக்கரையில் சம்பாதித்துக்கொண்டு சீரோடு வரவேண்டிய அண்ணன் அவன். வந்து நிற்பதோ வெறுங்கையோடு. எதிரே தங்கை அடுப்பின் முன் உட்கார்ந்து, காசு எண்ணி வாங்கி, குழந்தையைக் காப்பாற்றுகிறாள். அந்தச் சின்னக் கடை அவளுக்கு மானம். அதே கடை அவனுக்குக் குற்றச்சாட்டு. ஒரே பின்னணி இரண்டு பாத்திரங்களுக்கு இரண்டு பொருள் தருகிறது, இல்லையா? ‘இடப்பின்னணி: மதுரை’ என்று ஒரு வரியில் முடித்துவிடும் மாணவர் இதை அப்படியே கோட்டை விடுகிறார்.

பினாங்கில் இருக்கும் நமக்கு இந்த வெட்கம் அந்நியமானது இல்லை. பாயான் பாருவிலிருந்து பஸ் ஏறி ஜார்ஜ் டவுனுக்குப் போய், பினாங்கு ஸ்திரீட்டிலும் பாசார் தெருவிலும் ஒரு நடை நடந்து பாருங்கள். பூக்கடை, மளிகைக் கடை, நகைக்கடை, துணிக்கடை, காசு மாற்றும் கடை. அக்காலத்தில் அக்கரையிலிருந்து வந்தவருக்கு இந்த வட்டாரத்துக் கடைகள் வெறும் வியாபார இடங்கள் அல்ல. ஊர்ச் செய்தி கேட்க, கடிதம் எழுதித் தரச் சொல்ல, வீட்டுக்குப் பணம் அனுப்ப எல்லாம் கடைதான். ஆளைத் தேடி வந்தவரும் கடைக்காரரிடம்தான் முதலில் விசாரிப்பார். கடைக்காரருக்கு ஒருவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்றால், அவர் உண்மையிலேயே தொலைந்துவிட்டார் என்று பொருள்.

இந்தக் கடை உலகத்தை எழுத்தில் நன்றாகப் பிடித்தவர் ப. சிங்காரம். சிங்கம்புணரியில் 1920இல் பிறந்து, இளம் வயதிலேயே மேடானுக்குக் கடை வேலைக்குப் போனவர். அவருடைய ‘கடலுக்கு அப்பால்’ (1959) நாவலின் களம் பினாங்குதான். வட்டிக்கடை முதலாளி வயிரமுத்துப் பிள்ளையிடம் வேலை பார்த்த செல்லையா, இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்துவிட்டுப் போர் முடிந்ததும் திரும்பி வருகிறான். முதலாளியின் மகள் மரகதத்தை விரும்புகிறான். ஆனால் துப்பாக்கி பிடித்தவன் இனிப் பெட்டியடிக்கு ஒத்துவருவானா என்ற கேள்வி குறுக்கே நிற்கிறது. இங்கேயும் ஒரு மனிதன் திரும்பி வந்துவிட்டான். ஆனாலும் அவனைத் திரும்பி வந்தவனாகக் கடை ஏற்றுக்கொள்ளவில்லை. குணசேகரனின் வெறுங்கையையும் செல்லையாவின் துப்பாக்கி பிடித்த கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒப்பீட்டுக்கு இதைவிட நல்ல இணை கிடைப்பது அரிது.

காலப்பின்னணியையும் சும்மா விடக்கூடாது. 1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன்மேல் குண்டு போட்டன. அதே மாதம் 23ஆம் தேதி இரங்கூனில் குண்டு விழுந்தது. பர்மாவிலிருந்து இலட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள். மலையும் காடும் தாண்டி நடந்தே வந்தவர்கள் ஏராளம். படத்தில் மற்ற இரண்டு அண்ணன்மாரும் இந்தக் கூட்டத்தில்தான் பிரிகிறார்கள். ஞானசேகரன் காலை இழந்து பிச்சைக்காரனாகத் தமிழகம் வந்து சேர்கிறான். நம் பக்கத்தில் 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா இரயில் பாதைக்காகத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். 1943 அக்டோபரில் பாதை இணைந்தது. போன பலர் வீடு திரும்பவில்லை. ஆகவே 1952இல் தியேட்டரில் உட்கார்ந்து அழுதவர்களில் எத்தனையோ பேருக்கு அது கதையாக மட்டும் இருந்திருக்காது. அண்ணன் செத்தானா, எங்கோ இருந்துகொண்டு வெட்கத்தால் எழுதாமல் இருக்கிறானா என்று தெரியாமலே வாழ்ந்தவர்கள் அவர்கள்.

இனி, குறைகளையும் சொல்லியாக வேண்டும். திறனாய்வு என்றால் புகழ்ச்சி மட்டும் இல்லையே.

ஒன்று, தற்செயல் நிகழ்ச்சிகள் கூடிப்போய்விட்டன. கல்யாணி வந்து நிற்கும் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருப்பவர் மூத்த அண்ணன் சந்திரசேகரன். இதைக் குறையாக மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். இதே சந்திரசேகரன், தன் வீட்டு வாசலுக்கு வந்த கல்யாணியை அடையாளம் தெரியாமல் விரட்டியவர். தேடுகிறவரே விரட்டுகிறார் என்ற அந்த முரண் மிகக் கூர்மையானது. நீதிமன்றத் தற்செயலை நாம் பொறுத்துக்கொள்ள வைப்பதும் அதுதான்.

இரண்டாவது குறை பெரியது. கல்யாணி உழைத்தாள், ஓடினாள், குழந்தையை ஆற்றில் வீசிவிட்டுத் தானும் சாகத் துணிந்தாள். அவ்வளவும் பட்டவளுக்கு நீதிமன்றத்தில் நியாயம் கேட்க வரும் குரல் பெரும்பாலும் அண்ணனுடையதாக ஆகிவிடுகிறது. வசனத்தின் அழகில் நாம் மயங்க மயங்க, தொலைந்தவள் மறுபடியும் கண்ணிலிருந்து மறைகிறாள். மேடையில் அந்த வசனம் பேசும் நம் மாணவருக்குக் கல்யாணி நினைவில் வராததற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. படைப்பே அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது.

இதைத் தேர்வுக்கு எப்படிப் பயன்படுத்தலாம்? சிறுகதை எழுதும்போது ‘காணாமல் போன தம்பி’ நம் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த கரு. பசார் மாலாமில் கை நழுவிய தம்பி, கடைசிப் பத்தியில் போலீஸ்காரரோடு வந்து நிற்பான். இல்லாவிட்டால் எல்லாம் கனவாகிவிடும். அம்மா ஓடுவார், அழுவார், ஆனால் எந்தக் கடைமுன் நின்றார் என்பது இருக்காது. மாணவர்களே, உங்கள் அம்மாவை ஒரு கடையில் நிறுத்துங்கள். அப்பம் சுடும் பாட்டி அடுப்பை விட்டு எழுந்தாரா? பழக்கடைக்காரர் எந்த மொழியில் பதில் சொன்னார்? தம்பி கிடைத்த பிறகு யார் யாரை நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றார்? இந்த மூன்றையும் எழுதினாலே கதை உயிர் பெற்றுவிடும்.

திறனாய்வுக் கேள்விக்கு விடை எழுதும்போது, ‘குணசேகரன் பாசமுள்ளவன்’ என்று நிறுத்தாதீர்கள். பாசம் எந்த இடத்தில் தயங்குகிறது, ஏன் தயங்குகிறது என்பதைச் சம்பவத்தோடு காட்டுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வகுப்பில் ‘பராசக்தி’ பேச்சு வந்தால், நீதிமன்றத்துக்கு நேரே போய்விடாமல் இட்லிக் கடைக் காட்சியில் கொஞ்சம் நில்லுங்கள். அப்புறம், வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டு வரச் சொல்லுங்கள்: “நம் குடும்பத்தில் போனவர் யாராவது திரும்பி வராமல் இருந்தார்களா?” பதில் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டிய கேள்வி அது.