குடி நீங்காமலும் குடி நீக்கியும்

மத்திய அமைச்சரவை 2016 ஆகஸ்ட் 31 அன்று ஒப்புதல் தந்த ஒரு திட்டத்தை, நாவலை வாசிக்கிற கவனத்தோடு வாசித்துப் பார்க்கலாம். வெளிநாட்டுக்காரர் 18 மாதத்துக்குள் 10 கோடி ரூபாய், அல்லது 36 மாதத்துக்குள் 25 கோடி ரூபாய் முதலீடு செய்யவேண்டும். அது ஆண்டுதோறும் குறைந்தது 20 இந்தியருக்கு வேலை தரவேண்டும். தந்தால் 10 ஆண்டு வதிவுரிமை, பிறகு இன்னொரு 10. குடியிருக்க ஒரு வீடு வாங்கலாம். மனைவியோ கணவனோ வேலை பார்க்கலாம், பிள்ளைகள் படிக்கலாம். வெளிநாட்டார் பதிவுக் கடமையிலிருந்தும் விலக்கு. குடியுரிமை இல்லை, வாக்கும் இல்லை. ஆனால் ஒரு மனிதர் ஒரு மண்ணில் காலூன்ற என்னென்ன வேண்டுமோ அதெல்லாம் இருக்கிறது.

இந்தப் பிரதியில் வருகிற மனிதருக்குக் கதை கிடையாது. ஏன் கிளம்பினார், யாரை விட்டு வந்தார், திரும்பிப் போவாரா என்று யாரும் கேட்பதில்லை. கதை சொல்லாமலே உள்ளே வரலாம் என்பதுதான் பணத்துக்குக் கிடைக்கிற முதல் சலுகை.

கதை சொல்லியே தீரவேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். திருவாலங்காடு இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் கும்மிடிப்பூண்டி முகாமும் இருக்கிறது. 1983க்குப் பிறகு அலையலையாய் வந்த ஈழத்தமிழர்கள், மலையகத் தமிழர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாறியது நல்லதுதான். சட்டத்தில் அவர்கள் பெயர் மாறவில்லையே! 2003இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது 'சட்டவிரோதக் குடியேறி' என்ற முத்திரை குத்தப்பட்டவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழியே அடைபட்டது. 2019 திருத்தம் மூன்று நாடுகளுக்கு அந்தக் கதவைத் திறந்தது. அதில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது: 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகளுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாத குற்றத்துக்குத் தண்டனை இல்லை. தண்டனை இல்லை, அவ்வளவுதான். இவர்கள் இங்கே வேலை செய்து, வரி கட்டிப் பொருள் வாங்கி, பிள்ளை பெற்று, பிணம் புதைத்த 40 ஆண்டு 'முதலீடு' எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

'குடி' என்ற சொல்லைக் கொஞ்சம் நோண்டிப் பார்க்கவேண்டும். அரசியல் சட்டத்தின் 'குடிமகன்' நமக்குப் பெருமையாக ஒலிக்கிறது. தென்மாவட்டங்களில் ஊருக்கு ஊழியம் செய்த நாவிதரைத்தான் 'குடிமகன்' என்றார்கள். உழுதவனுக்குக் குடிவாரம், உழாதவனுக்கு மேல்வாரம். உரிமையும் ஊழியமும் இந்த ஒரே சொல்லுக்குள் மல்லுக்கட்டுகின்றன. சோழர்கால ஆவணங்கள் இன்னும் வெளிப்படை. கோயிலுக்கு நிலம் விடும்போது அது 'குடி நீங்காத் தேவதானம்' அல்லது 'குடி நீக்கிய தேவதானம்'. அங்கே ஏற்கெனவே இருந்த குடிகள் இருக்கலாமா, கிளம்பவேண்டுமா என்பதை அந்த ஒரு சொல் தீர்த்துவிடும். ராஜேந்திரன் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு விட்ட செப்பேடு 1905 வாக்கில் கிடைத்தபோது, கங்கை, கடாரம் என்று போர்களைச் சொன்ன வடமொழிப் பகுதியைத்தான் நம் வரலாற்றுப் பெருமிதம் தூக்கிக்கொண்டு ஓடியது. ஊரின் எல்லையும் வரியும் எழுதப்பட்ட தமிழ்ப் பகுதிக்கு அந்த ஆரவாரம் கிடைக்கவில்லை. இன்றைய முதலீட்டுத் திட்டங்களுக்கும் இந்தத் தமிழ்ப் பகுதி உண்டு. வருகிறவருக்கு என்ன கொடுக்கிறோம் என்பது விளம்பரத்தில் இருக்கும். அந்த இடம் குடி நீங்கியதா, நீக்கியதா என்பது மட்டும் இருக்காது. இதே வட்டாரத்துச் செங்கல் சூளைகளில் கொத்தடிமையாய்க் கிடந்து மீண்ட இருளர்கள் குடிமனைப் பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் மனுக் கொடுத்து நடக்கிறார்கள். இவர்கள் குடிமக்கள்தானே, என்னய்யா குறை?

பழையனூர் என்றதும் நீலி வந்துவிடுகிறாள். கணவனால் கொல்லப்பட்டவள் மறுபிறப்பில் பேயாகிக் கைக்குழந்தையோடு வந்து, 'இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டுப் போகிறார்' என்று ஊர்ச்சபை முன் அழுகிறாள். சபை நம்புகிறது. வணிகன் உயிருக்கு 70 வேளாளர் பிணை நிற்கிறார்கள். விடிவதற்குள் அவனைக் கொன்றுவிடுகிறாள். 70 பேரும் தீப்பாய்கிறார்கள். இதை வேளாளர் வாய்மைக்குச் சான்றாகவே ஓயாமல் சொல்லி வந்தோம். ஆனால் அது இன்னொன்றையும் ஓதுகிறது: குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுகிறவளை நம்பாதே, அவள் பேய். வஞ்சம் அவளுக்கு எப்படி வந்தது, முதல் கொலையைச் செய்தது யார் என்பதைக் கதை மறைக்கவில்லை. நாம்தான் 'நீலிக்கண்ணீர்' என்ற ஒற்றைச் சொல்லில் அதை மூடிவிட்டோம். கியூ பிரிவுப் போலீஸ் முகாம்வாசியைப் பார்க்கிற பார்வைக்கு இதைவிடப் பழைய பாடநூல் கிடையாது.

அதே ஊரில் இன்னொரு பேயும் உண்டு. காரைக்கால் (இன்றைய கணக்கில் அது வேறு யூனியன் பிரதேசம்) வணிகன் மனைவி, செல்வத்தையும் உடம்பின் அழகையும் உதறிவிட்டு வருகிறாள். அவளுக்கு ஆலங்காட்டில் ஆடுகிறவன் காலடியில் இடம் கிடைக்கிறது. கையில் ஒன்றுமில்லாமல் வந்தவள்! இன்றைய உள்துறை அமைச்சகம் இந்த விண்ணப்பத்தை எந்தப் பிரிவில் சேர்க்கும்?

இலங்கையைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. 1948இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளரைச் சட்டத்தால் நாடற்றவராக்கிய அரசு, 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று தலைகளை எண்ணிப் பிரித்தது. அந்நியச் செலாவணி வற்றிய 2022இல் அதே நாடு, 1 லட்சம் டாலர் வைப்பு வைத்தால் 10 ஆண்டு தங்கலாம் என்று 'தங்கச் சொர்க்க விசா'வைக் கடைவிரித்தது. நூறாண்டுக்கு மேல் டாலர் சம்பாதித்துக் கொடுத்த கைகள் நாடற்றவை, டாலரை ஒருமுறை கொண்டு வைத்த கை விருந்தாளி.

'நாட்டை விற்கிறார்கள்' என்று நம்ம தோழர்கள் போடும் கோஷத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அது அந்நியனைக் குற்றவாளியாக்குகிறது. அடுத்த படியில் அகதியையும் அந்நியன் என்றுதான் சொல்லும். எல்லை புனிதம் என்றால், இந்தத் திருத்தணி வட்டாரமே 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. யாரும் வீடு மாறவில்லை, மாநிலம் மாறியது. தெலுங்கு பேசிக்கொண்டிருந்தவர்கள் இன்றும் அதே தெருவில் தெலுங்கு பேசுகிறார்கள். விலையை எதிர்ப்பதா, வருகையை எதிர்ப்பதா என்று நாம் பிரித்துச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய நீதிமன்றம் 2025 ஏப்ரலில் மால்ட்டாவின் கடவுச்சீட்டு வியாபாரத்தைச் சட்டவிரோதம் என்றது. அதை நம் ஏடுகள் கொண்டாடலாம். அந்தத் தீர்ப்பால் மத்தியதரைக் கடலில் படகில் வருகிறவனுக்கு ஒரு கதவும் திறக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.

மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், நீதிமன்றம் போய்க் கடவுச்சீட்டு பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் என்பதால் அது முடிந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு அதே முகாமில், இரு பெற்றோரும் அகதிகளாயிருக்கப் பிறந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை.