அடுப்பில் ஏறிய தெர்மோஸ்டாட்

"நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு சார்? கழட்டிப் போட்டுட்டா இன்ஜின் ஜில்லுனு ஓடும்." இப்படிச் சொல்லும் மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள். ஜில்லென்று ஓடுவதுதான் கேடு. இன்ஜின் சூடாகும்வரை பெட்ரோல் கூடுதலாகவே போகும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் கசடாகும். அடியில் இரண்டாவது தட்டு உள்ள வகையைக் கழற்றினால் பைபாஸ் வழி அடைபடாது. கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிவரும். ஏற்றத்தில் சூடு எகிறிவிடும்.

ஆக, கழற்றி எறிவதைவிட நல்லதாக ஒன்று வாங்குவதே வழி. எது நல்லது? 82 டிகிரி என்று பொறித்த இரண்டை ஒப்பிட்டேன். ஒன்று கார் கம்பெனியின் ஒரிஜினல். மற்றது பெயரில்லாத கவரில் வந்தது. விலை அதில் பாதிகூட இல்லை.

சோதனைக்குச் சமையலுக்கு ஆகாத பழைய பாத்திரமும் புரோப் தெர்மாமீட்டரும் நூலும் போதும். கூலன்ட் விஷம், அதனால் அந்தப் பாத்திரம் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. வால்வின் விளிம்பில் நூலைக் கவ்வவிட்டு, அடுப்பில் சூடாகும் தண்ணீரில் தொங்கவிட வேண்டும், அடிப்பக்கம் தொடாமல். உள்ளிருக்கும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளும் நொடியில் நூல் நழுவி அது கீழே விழும். திறக்கும் சூடு அதுதான். தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருங்கள். இல்லாவிட்டால் கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது.

ஒரிஜினல் 82-ஐத் தாண்டியதும் விழுந்தது. 95-ஐ ஒட்டி முழுதாகத் திறந்தது. மலிவானது 87 வரை அசையவில்லை, பிறகு அதுவும் நன்றாகத்தான் திறந்தது. பலரும் இதோடு அடுப்பை அணைத்து "ஓகே" என்றுவிடுவார்கள். ஆறவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஒரிஜினலில் கீற்றுகூட இல்லை. மற்றதில் வால்வு கோணலாக உட்கார்ந்து, ஒரு பக்கம் மெல்லிய பிறை தெரிந்தது. திறக்க வேண்டிய நேரத்தில் தாமதம், மூட வேண்டிய நேரத்தில் ஒழுக்கு. ஸ்பேராக வைக்கக்கூட இது வேண்டாம்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. 88 டிகிரி வகை முழுதாகத் திறக்க 100-க்கு மேல் தேவைப்படலாம். சென்னையில் தண்ணீர் அதற்குள் கொதித்துவிடும். ஊட்டியில் ஏறத்தாழ 92, 93-லேயே கொதிக்கும் என்பதால் 82 டிகிரி வகைகூட அங்கே அரைகுறையாகத்தான் திறக்கும். அதற்காக அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

காரில் இருக்கும்போதே பார்க்க, ஓபிடி ரீடர் நல்லது. டேஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். பல கார்களில் அது சூடு ஓரளவு கூடினாலும் குறைந்தாலும் நடுவிலேயே நிற்கும். நெடுஞ்சாலை வேகத்தில் கூலன்ட் சூடு 70-க்குக் கீழே இறங்கி, சிக்னலில் நின்றதும் ஏறினால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். பி0128 என்ற எரர் கோடும் பெரும்பாலும் இதற்காகத்தான் வரும்.

புதியதைப் பொருத்தும்போது கேஸ்கெட்டையும் மாற்றிவிடுங்கள். ஓரத்தில் ஆடும் சிறு பின் இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும். கூலன்ட் ஊற்றும்போது சிக்கும் காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும்.