பகைவன் என்போன் யார்? பெற்றி கிறீனின் நாவல் ஒன்று பற்றிய நோக்கு

யுத்தத்தைப் பொருளாகக் கொண்ட நாவல்களிற் பெரும்பாலானவை போர்க்களத்தையும் போர்வீரனையுமே மையமாகக் கொள்வன. வெடியோசை கேளாத தொலைதூர ஊர்களில், மனிதருக்கிடையேயான உறவுகளை யுத்தம் எவ்வாறு மாற்றியமைக்கின்றது என்பதை ஆராயும் நாவல்கள் ஒப்பளவிற் சிலவே. அச்சிலவற்றுள் ஒன்றாக, அமெரிக்க எழுத்தாளர் பெற்றி கிறீன் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சம்மர் ஒவ் மை ஜேர்மன் சோல்ஜர்’ என்னும் நாவலைக் குறிப்பிடலாம். ‘எனது ஜேர்மன் சிப்பாயின் கோடை’ என அதன் தலைப்புக்குப் பொருள் கொள்ளலாம். இளம் வாசகருக்கான நூல் என்ற வகைப்பாட்டினுள் வைத்தே நோக்கப்படுவதால், அதனுள் அடங்கியுள்ள சமுதாய விமர்சனம் கவனிக்கப்படாமற் போவதுண்டு. ஆயின், தேசம், இனம், வர்க்கம் என்பன ஒரு சிறுமியின் வாழ்வில் எவ்வாறு குறுக்கிடுகின்றன என்பதை இத்துணை நேரடியாகக் காட்டும் படைப்புக்கள் அதிகமில்லை.

1934இற் பிறந்து 2020இல் மறைந்த பெற்றி கிறீன், ஆர்கன்சோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலே கடை நடத்திய யூதக் குடும்பத்தில் வளர்ந்தவர். நாவலின் களமான ஜென்கின்ஸ்வில் கற்பனை ஊரே எனினும், அதன் வெக்கையும் வம்பும் பருத்தி வயல்களும் ஆசிரியர் நன்கறிந்தவை.

கதை எளிமையானது. பன்னிரண்டு வயதுச் சிறுமியான பற்றீசியா, அவ்வூரிலே துணிமணிக் கடை வைத்திருக்கும் ஹறி பேர்கனின் மூத்த மகள். பெற்றோரின் அன்பு அவளுக்குக் கிட்டவில்லை. ஊருக்கு அண்மையில் அமைந்த முகாமுக்கு ஜேர்மன் போர்க்கைதிகள் கொண்டுவரப்படுகின்றனர். அவர்களுள் ஒருவனான அன்ரன் றைக்கர் கடைக்கு வரும்போது அவளுடன் உரையாடுகிறான். பின்னர் அவன் முகாமிலிருந்து தப்பியபோது, தம் வீட்டு வாகனக் கொட்டகையின் மேலுள்ள அறையில் அவனை ஒளித்துவைத்து உணவளிக்கிறாள். அவன் விடைபெறும்போது தன் குடும்பத்தில் வழிவழி வந்த மோதிரத்தை அவளுக்குக் கொடுத்துச் செல்கிறான். நியூயோர்க்கில் அவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். அவள் அவனுக்கு வழங்கிய, தந்தைக்கெனத் தான் வாங்கிய மேற்சட்டையே அவளைக் காட்டிக்கொடுக்கிறது. ஈற்றில் அவள் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறாள்.

இக்கதையை, ‘பகைவனையும் நேசித்த சிறுமியின் கதை’ எனச் சுருக்கிவிடுவது எளிது. ஆனால் நாவலின் உண்மையான வினா, பகைவனை நேசிக்கலாமா என்பதன்று. பகைவன் யார் எனத் தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது என்பதே.

இதனை விளக்க ஒரு நிகழ்ச்சி போதும். பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்ட பின்னர், ஜென்கின்ஸ்வில்லில் மளிகைக்கடை வைத்திருந்த சூ லீ என்ற சீனரின் கடைக் கண்ணாடியை ஊரார் உடைக்கின்றனர். அவர் ஊரைவிட்டே அகல்கிறார். தாக்கியது ஜப்பான், சீனாவோ அதே ஜப்பானின் படையெடுப்புக்கு உள்ளாகியிருந்த நாடு, அமெரிக்காவின் நேசநாடு. ஊராருக்கு இவ்வேறுபாடு ஒரு பொருட்டன்று. வெறுப்புக்கு முகம் ஒன்று தேவைப்பட்டது. அருகிலிருந்த முகம் தெரிவுசெய்யப்பட்டது. கதையின் பிற்பகுதியில், ஒரு யூதச் சிறுமியையே நாஜி என ஏசும் கூட்டத்தை ஆசிரியர் காட்டும்போது, அதே தருக்கம் அதன் அபத்தமான எல்லையைத் தொட்டுவிடுகின்றது.

நாவல் காட்டும் இம்மனோபாவம் வரலாற்றுச் சான்றுடையது என்பதும் நோக்கற்பாலது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுநாட்டுப் போர்க்கைதிகள் அமெரிக்காவிலே தடுத்துவைக்கப்பட்டனர். ஆர்கன்சோவில் அவர்களுட் பலர் பருத்தி வயல்களிலே வேலைக்கு அமர்த்தப்பட்டனர். அதே மாநிலத்தில், றோவர், ஜெறோம் என்னும் இரு முகாம்களில், 1942 முதல் ஜப்பானிய வம்சாவளியினர் அடைக்கப்பட்டிருந்தனர். நாடெங்கும் இவ்வாறு அடைக்கப்பட்ட ஏறத்தாழ 120,000 பேருட் பெரும்பாலோர் அமெரிக்கப் பிரசைகள். 1944இல் ஜெறோம் முகாம் மூடப்பட்டதும், அவ்விடமே ஜேர்மன் கைதிகளுக்கான முகாமாயிற்று. அதே ஆண்டில் றூபேட் ட்றிமிங்ஹாம் என்ற கறுப்பினப் படைவீரர், ‘யாங்க்’ என்ற இராணுவ இதழுக்குக் கடிதம் ஒன்றை எழுதினார். தென்மாநிலத்துப் புகையிரத நிலையம் ஒன்றிலே ஜேர்மன் கைதிகள் உணவுக்கூடத்தில் அமர்ந்து உண்ண, தாமும் தோழர்களும் சமையலறைக்கு அனுப்பப்பட்டதை அவர் அதில் எடுத்துரைத்தார். பிரசை சிறையிருந்த இடத்திற்குப் பகைவன் வந்தான். படைவீரன் அமர முடியாத மேசையிற் கைதி அமர்ந்தான். பற்றீசியாவின் ஊரைப் புரிந்துகொள்வதற்கு இப்பின்னணி இன்றியமையாதது.

நாவலில் தடைசெய்யப்பட்ட நட்பு ஒன்றன்று, மூன்று. முதலாவது, பிரெடி என்ற ஏழைச் சிறுவனுடனான நட்பு. அவனுடன் பழகக்கூடாதென்பது தந்தையின் கட்டளை. அது வர்க்கத் தடை. இரண்டாவது அன்ரனுடனான நட்பு; அது அரசின் தடை. மூன்றாவது, வீட்டு வேலைக்காரியான றூத் என்னும் கறுப்பினப் பெண்ணுடனான நட்பு. இதை எவரும் வாய்விட்டுத் தடுப்பதில்லை. றூத் வேலைக்காரியாக இருக்கும்வரை தடுக்க வேண்டிய தேவையும் இல்லை. இம்மூன்றும் ஒரு காட்சியிலே சந்திக்கின்றன. பிரெடியுடன் பழகியமைக்காகத் தந்தை மகளை இடுப்புப் பட்டியால் அடிக்கிறார். மறைவிடத்திலிருந்த அன்ரன், பிடிபடும் அபாயத்தையும் பாராது வெளியே ஓடிவருகிறான். அதனை றூத் காண்கிறாள். கைதி யார் என்பதை அறிந்த பின்னரும், அடிபடும் குழந்தைக்காக உயிரைப் பணயம் வைக்க முன்வந்தவன் என்ற ஒரே காரணத்தால் அவனுக்கு உணவு பரிமாறுகிறாள். அவளுடைய மகனோ அமெரிக்கப் படையிற் சேவையாற்றுபவன். அரசு தந்த அடையாளத்தை விடுத்து, மனிதனின் செயலை அளவுகோலாகக் கொள்ளும் ஒரே முதிர்ந்த பாத்திரம் அவளே.

ஒளித்து வைத்தல் என்னும் கருவினால் இந்நாவல் மார்க் ட்வெயினின் ஹக்கிள்பெரி பின்னை நினைவூட்டுகின்றது. தப்பியோடிய அடிமையைக் காட்டிக்கொடுக்க மறுத்த ஹக், சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் இடையே பற்றீசியாவைப் போலவே நின்றவன். எனினும் வேறுபாடு முக்கியமானது. ஹக்குக்கு ஒரு நதி இருந்தது. கதை முடிவில் ஜிம் ஏற்கெனவே விடுதலை பெற்றிருந்தமை தெரியவருவதால், சமுதாயத்தின் தண்டனை அவர்களை எட்டவில்லை. பற்றீசியாவுக்கு இருந்தது ஒரு கொட்டகையின் மேலறை மட்டுமே. தண்டனை முழுமையாக வந்துசேர்கிறது. இவ்வகையிற் கிறீனின் முடிவு கூடுதலான யதார்த்தத் தன்மை வாய்ந்தது எனலாம்.

நாவலின் பலவீனமும் சுட்டப்படவேண்டியது. அன்ரன் அளவுக்கு மீறி மாசற்றவனாகப் படைக்கப்பட்டுள்ளான். தாய் ஆங்கிலப் பெண்; தந்தை ஹிட்லரைப் பரிகசித்துப் பின்னர் மௌனியான பேராசிரியர்; அவனோ அறிவும் நயமும் மிக்கவன். இத்தகைய ஒருவனைப் பகைவனாகக் கருதாமல் இருப்பதற்குப் பெரும் துணிவு வேண்டியதில்லை. அவன் நாஜிப் பிரசாரத்தை அரைகுறையாகவேனும் நம்பிய சாதாரண இளைஞனாக இருந்திருப்பின், நட்பின் சோதனை உண்மையானதாக அமைந்திருக்கும். ஐரோப்பாவில் யூத இனமே அழிக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், ஒரு யூதச் சிறுமி ஜேர்மன் சீருடையணிந்தவனுக்கு அடைக்கலம் கொடுத்தாள் என்பதன் முழுக்கனமும் நாவலில் இறங்கவில்லை. கதை பற்றீசியாவின் வாய்மொழியாகச் சொல்லப்படுவதால், அன்பிற்கு ஏங்கிய குழந்தையின் கண்களே அவனை இவ்வாறு காண்கின்றன எனச் சமாதானம் கூறலாம். அச்சமாதானம் பாத்திரத்தின் குறையை விளக்குமேயன்றி, நீக்காது.

ஆயினும், இக்குறையை நாவலின் இறுதிப் பகுதி பெருமளவுக்கு ஈடுசெய்கின்றது. பற்றீசியாவுக்காகக் குரல் கொடுத்த றூத் வேலையை இழக்கிறாள். பெற்றோர் கைவிட்ட நிலையில், சீர்திருத்தப் பள்ளிக்கு அவளைத் தேடி வருபவளும் அவளே. கொண்டுவந்த உணவைக் கொடுத்து, ஆறுதல் கூறி, அவள் மீண்டும் தன் வழியே செல்கிறாள். கோடைகாலம் முழுவதும் ஜேர்மன் சிப்பாயையே நோக்கியிருந்த வாசகன், உண்மையில் எல்லை கடந்து நிலைத்த உறவு எது என்பதை அப்போதுதான் உணர்கிறான். அன்ரனுடனான நட்பைத் தண்டிக்க நீதிமன்றம் தேவைப்பட்டது. றூத்துடனான நட்பைப் பிரிப்பதற்கு, ஒரு முதலாளி வேலைக்காரியை நிறுத்திவிடுவதே போதுமானதாயிற்று.

முகாமின் காவலன், உண்மை வைரமென நம்பிய மலிவான கண்ணாடிப் பதக்கம் ஒன்றுக்காக அன்ரனைத் தப்பவிட்டவன். அப்பதக்கம் பற்றீசியாவின் கையாலேயே கடையில் விற்கப்பட்டது. அரசின் விசுவாசம் அங்கே கண்ணாடிக்கு விலைபோயிற்று. எதையும் எதிர்பாராது சோறிட்ட குழந்தையே துரோகி எனப்பட்டாள். பருவம் எய்துதல் என்பது உலகோடு இணங்கிப்போதல் என்றே இவ்வகை நாவல்கள் பல முடிவதுண்டு. பற்றீசியாவோ, உலகம் தனக்கு இட்ட பெயர் பொய் என அறிந்துகொள்வதன் மூலமே வளர்கிறாள். அவ்வறிவை அவளுக்கு வழங்கியவர்கள் இருவர். அவர்களுள் ஒருவனைத் தேசம் பகைவன் என்றது. மற்றவளைத் தேசம் பொருட்படுத்தவே இல்லை.