வளைவை வரைந்து காட்டிய பந்தய வீரர்

மேல்நிலை வகுப்பில் இயற்பியல் படித்த எவருக்கும் அந்தக் கார் நினைவிருக்கும். சமதளச் சாலையின் வளைவொன்றில் அது ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு நீளமில்லை, அகலமில்லை, நான்கு சக்கரங்களும் இல்லை. அது வெறும் புள்ளி. சாலையோ வெறும் கோடு. வளைவின் ஆரம், உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் சறுக்காமல் செல்லக்கூடிய உச்சவேகம் கிடைத்துவிடும். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

கார்ப் பைத்தியம் என்று நண்பர்கள் கேலி செய்யும் ஒரு மாணவர், வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து கேட்டார்: "சார், அந்த ஆரத்தை முடிவு செய்வது சாலையா, ஓட்டுபவரா?"

இந்தக் கேள்விக்குப் பாடநூலில் விடை இல்லை. விடையைத் தரும் நூலொன்றை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தவும், அதில் எனக்குள்ள மனக்குறையைச் சொல்லவுமே இக்கட்டுரை. நூலின் பெயர் 'தி டெக்னிக் ஆஃப் மோட்டார் ரேசிங்'. எழுதியவர் பியேரோ தாருஃபி. 1906-ல் பிறந்த இத்தாலியர், பொறியாளர், 1952-ல் சுவிட்சர்லாந்து கிராண்ட் பிரீ பந்தயத்தில் வென்றவர். 1950-களின் இறுதியில் வெளிவந்த நூல் இது. பந்தய வீரர்கள் எழுதிய நூல்களில் பெரும்பாலானவை வீரப்பிரதாபங்களாக முடிந்துவிடும். தாருஃபியோ பென்சிலும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு வளைவுகளை வரைகிறார். கணக்குப் போட்டுக் காட்டுகிறார். நூலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அவர் வழியில் நாமும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போமா? செங்கோணமாகத் திரும்பும் ஒரு வளைவு. உள்விளிம்பின் ஆரம் 15 மீட்டர். காரின் மையம் பக்கவாட்டில் நகர்வதற்குக் கிடைக்கும் அகலம் 8 மீட்டர் என்க. சாலையின் நடுவாகவே சென்றால் ஆரம் 19 மீட்டர். உராய்வுக் குணகம் 0.8 எனில் உச்சவேகம் மணிக்கு 44 கி.மீ. இப்போது வெளிவிளிம்பிலிருந்து தொடங்கி, நடுவில் உள்விளிம்பைத் தொட்டு, மீண்டும் வெளிவிளிம்புக்குப் போகும் ஒரே வட்டவில்லை வரையுங்கள். எளிய வடிவகணிதம்தான், அதன் ஆரம் 42 மீட்டருக்குச் சற்று மேல் வரும். வேகம் மணிக்கு 65 கி.மீ.! எஞ்சினில் ஒரு குதிரைத்திறன் கூடவில்லை, டயரும் மாறவில்லை. மாறியது கோடு மட்டுமே. ஆரத்தை முடிவு செய்வது ஓட்டுபவர்தான் என்பது மாணவருக்கு விளங்கியது.

வளைவுக்கு முன்பே பிரேக் போடு என்று பயிற்சியாளர்கள் சொல்வதன் காரணமும் இயற்பியலே. டயருக்குக் கிடைக்கும் பிடிமானம் ஒரு குறிப்பிட்ட சம்பளம் போன்றது. பிரேக்குக்கும் திரும்புவதற்கும் அதையேதான் பங்கிட வேண்டும். ஆனால் இது சாதாரணக் கழித்தல் கணக்கன்று, பிதாகரஸ் கணக்கு. பிடிமானத்தில் 60 விழுக்காட்டை பிரேக்குக்குச் செலவிட்டாலும் திரும்புவதற்கு 80 விழுக்காடு மிஞ்சும். முழுவதையும் பிரேக்குக்கே கொடுத்தால் மிச்சம் ஏதுமில்லை. ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகவே போகும். எடையும் இடம் மாறுகிறது. 1000 கிலோ கார், ஈர்ப்பு மையத்தின் உயரம் அரை மீட்டர், அச்சுகளுக்கிடையே 2.4 மீட்டர் என்று கொண்டால், கடுமையான பிரேக்கில் ஏறக்குறைய 167 கிலோ பின்சக்கரங்களிலிருந்து முன்சக்கரங்களுக்குப் போய்விடும். வளைவின் நடுவே பயந்துபோய் பிரேக்கை மிதிப்பவரின் காரில் பின்பக்கம் ஏன் சுழன்று வருகிறது என்பது இப்போது விளங்கும். ('மையவிலக்கு விசை வெளியே தள்ளிவிட்டது' என்று விளக்கும் நண்பர்களோடு வாதாடி எனக்குத் தொண்டை வறண்டதுண்டு. தள்ளியது எதுவுமில்லை, இழுத்துப் பிடிக்கவேண்டிய உராய்வுதான் போதவில்லை.)

நூல் பழசு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஃபார்முலா 1 கார்களில் இறக்கைகள் பொருத்தப்பட்டது 1968-ல். காற்று காரைத் தரையோடு அழுத்தும் விந்தையை இந்நூலில் தேடுவது வீண். தாருஃபி வென்ற கார்கள் பின்சக்கரங்களால் உந்தப்பட்டவை. நம் வீதிகளில் ஓடும் சிறு கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம் கொண்டவை. வளைவில் அவற்றின் குணமே வேறு. ஏ.பி.எஸ். பிரேக்கும் பின்னால் வந்ததே. இவையெல்லாம் சிறு குறைகள். நியூட்டனுக்கு வயதாவதில்லை.

என் மனக்குறை வேறு. அந்த 42 மீட்டர் வட்டவில்லை மறுபடியும் பாருங்கள். அது சாலையின் முழு அகலத்தையும் விழுங்கிவிட்டதல்லவா? கூடுவாஞ்சேரியிலிருந்து நெல்லிக்குப்பம் செல்லும் சாலையில் அதே கோட்டைப் பிடித்தால், பாதித் தூரம் நீங்கள் எதிரே வருபவரின் பாதையில் இருப்பீர்கள். படத்தில் எதிரே வருபவர் இல்லை. பந்தயப் பாதையில் அவர் இருக்கவே முடியாது. காகிதத்தில் இவ்வளவு அழகாகத் தெரியும் கோடு எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதியிருக்க வேண்டும் என்பேன். ஏனெனில் இதைப் படிப்பவர் பந்தயக்காரர் மட்டுமல்லர். இரவு பத்து மணிக்கு ஜி.எஸ்.டி. சாலை சற்றே காலியாகும்போது கால் துறுதுறுக்கும் இருபது வயது இளைஞரும்தான்.

இந்த வேறுபாட்டைத் தாருஃபியைவிட நெருங்கி நின்று பார்த்தவர் எவரும் இல்லை. 1957 மே மாதம் இத்தாலியின் பொதுச்சாலைகளில் நடந்த 'மில்லே மிலியா' பந்தயத்தில் அவர்தான் வெற்றி பெற்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பது. அதே பந்தயத்தில் குவிதிட்சோலோ என்ற ஊரருகே, நேரான சாலையில், தே போர்த்தாகோ ஓட்டிய ஃபெராரியின் டயர் வெடித்தது. அவரும் துணை ஓட்டுநரும் இறந்தனர். சாலையோரம் வேடிக்கை பார்த்து நின்ற ஒன்பது பேரும் இறந்தனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். அத்துடன் அந்தச் சாலைப் பந்தயம் முடிவுக்கு வந்தது. அங்கே வளைவும் இல்லை, பிழையான கோடும் இல்லை என்பதைக் கவனியுங்கள். உலர்ந்த சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் நிற்க பிரேக் போட்ட பின் சுமார் 49 மீட்டர் வேண்டும்; அதற்கு முன் கண்டு, உணர்ந்து, காலைத் தூக்கும் ஒரு வினாடியில் 28 மீட்டர் போய்விட்டிருக்கும். மழையில் குணகம் 0.4 ஆனால் 49 என்பது 98.

சென்னை வட்டாரத்தில் ஆர்வலர்களுக்கு வழி இல்லாமலில்லை. முன்பு சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், பந்தயங்கள் நடந்தன. 1990-ல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் முறையான பாதை திறக்கப்பட்டது. நீளம் சுமார் 3.7 கி.மீ. அங்கே எதிரே எவரும் வருவதில்லை. தவறினால் ஓடி நிற்க வெளி இருக்கிறது. கொடி காட்ட ஆளிருக்கிறது. செலவு ஆகும் என்பது உண்மைதான், அதுவும் ஒரு மாணவருக்கு அதிகச் செலவு.

நூலின் ஆங்கிலம் எளிதன்று. ஆயினும் வளைவுகளைப் பற்றிய பகுதிகளை மேல்நிலைக் கணிதம் தெரிந்தவர் பின்தொடரலாம். வாசிக்கும்போது ஒரு வரைபடத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வளைவையும் முதலில் முழு அகலத்துக்கு வரையுங்கள். பிறகு நடுவே ஒரு வெள்ளைக் கோடு போட்டு, இடப்பக்கத்துக்குள் மட்டும் மறுபடி வரையுங்கள். என் மாணவர் அப்படித்தான் செய்தார். இரண்டாவது கணக்கில் அவருக்கு வந்த வேகம் முதலாவதைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. தவறு எங்கே என்று கேட்டுக்கொண்டு தாளோடு வந்தார். தவறு இல்லை என்றேன்.