தோட்டா இல்லாத துப்பாக்கிகள்

புதுச்சேரியைக் களமாகக் கொண்டு நாவல் எழுத உட்காரும் நம் கதாசிரியர்களுக்கு ஒரு கைத்துப்பாக்கி அவசியமாகிவிடுகிறது. அதில் தவறில்லை. 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி பிரிட்டிஷ் இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. பிரெஞ்சுக் கொடி பறந்த ஊரில் அந்தச் சட்டம் செல்லாது. 1910-ல் வ. வே. சு. ஐயர் அங்கே வந்து சேர்ந்தார். அவரிடம் சுடப் பயின்ற வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்றார். இத்தனைக்கும் பிறகு புதுச்சேரிக் கதையில் துப்பாக்கி வராமல் இருக்குமா?

என் குறை வேறு. நம் கதைகளில் துப்பாக்கி இருக்கிறது, தோட்டா இல்லை. 'டுமீல்' என்று ஒரு சப்தம். ஒருவன் விழுகிறான். அத்தியாயம் முடிந்துவிடுகிறது. அது என்ன தோட்டா, யாரை மனத்தில் வைத்துச் செய்த தோட்டா என்று ஆசிரியர் கேட்பதே இல்லை. அது ஆயுத வியாபாரியின் கவலையல்லவா என்று வாசகர் நினைக்கலாம். நாவலாசிரியனின் கவலையும்தான் என்பேன்.

1890-களில் பிரான்ஸில் சைக்கிள் மோகம் பரவியது. நாய்கள் சைக்கிள்காரர்களைத் துரத்தின. அவர்களுக்கென்று சட்டைப்பையில் அடங்கும் ரிவால்வர் ஒன்று விற்பனைக்கு வந்தது. 'வெலோ-டாக்' என்று பெயர். ஈயக் குண்டு தவிர, மிளகாய்ப் பொடி அடைத்த தோட்டாவும், பொடி ரவை அடைத்த தோட்டாவும் அதற்குக் கிடைத்தன. நாய் தும்மிவிட்டு ஓடினால் போதும், சாக வேண்டியதில்லை என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். நம் நாவலில் வரும் பிரெஞ்சுத் துரையின் பையில் இதை வைத்துப் பாருங்கள். அவர் பேச வேண்டிய பாதி வசனம் மிச்சமாகிவிடும்.

அதே பத்தாண்டில்தான் கல்கத்தாவை அடுத்த டம்டம் ராணுவத் தொழிற்சாலையில் ஒரு ரைபிள் தோட்டா உருவாயிற்று. நுனியில் உறையின்றி ஈயம் தெரியும். உடம்பில் பட்டதும் விரிந்து சதையைக் கிழிக்கும். 1898-ல் வெப்ளி ரிவால்வருக்கும் நுனி குழிந்த தோட்டா வந்தது. 'ஆளை நிறுத்துவது' என்று அதற்குச் செல்லப் பெயர். மறு வருஷம் ஹேக் மாநாட்டில் இவற்றைத் தடுக்க முயன்றபோது, பிரிட்டிஷ் பிரதிநிதி ஆர்டா ஆட்சேபித்தார். நாகரிகச் சிப்பாய் அடிபட்டால் ஒதுங்கிவிடுவான், காட்டுமிராண்டியோ அடிபட்ட பின்பும் பாய்ந்து வருவான் என்பது அவருடைய வாதம். தடை நிறைவேறிவிட்டது. ஆனால் நாய்க்கு மிளகாய்ப் பொடி, எல்லைப்புறத்து மனிதனுக்கு விரியும் ஈயம் என்று நினைத்த மனம் எத்தகையது? அதைக் காட்ட ஒரு நாவல் வேண்டாமா?

இந்தக் கேள்வியை வெள்ளைக்காரனிடம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டால் அது பிரசாரம். மணியாச்சியில் ஆஷுடன் அவர் மனைவியும் ரயில் பெட்டியில் இருந்தார். வாஞ்சிநாதன் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியை நீட்டியபோது அந்த அம்மாளின் முகம் அவர் கண்ணில் பட்டதா? சற்று நேரத்தில் துப்பாக்கியைத் தம்மேலேயே திருப்பிக்கொண்டாரே, அதற்குள் அவர் மனத்தில் என்ன ஓடிற்று? அவருடைய தியாகத்தை இந்தக் கேள்விகள் குறைத்துவிடா. அவரைச் சிலையாக்காமல் மனிதராக வைத்திருக்க அவைதாம் உதவும்.

'டுமீல்' என்று எழுத ஒரு விநாடி போதும். அந்தச் சப்தத்துக்கு முன்னும் பின்னும் இருப்பதை எழுதத்தான் நாவலாசிரியன் வேண்டியிருக்கிறது.